எந்திரம் சொன்ன எழுபத்திரண்டு

தொங்யோங் துறைமுகத்துக் கருவாட்டுச் சந்தையில் ஓக் தொக்சுன்னின் தராசைச் சந்தேகப்பட்டவர் இதுவரை யாரும் பிறக்கவில்லை. ஒருமுறை தராசுத் தட்டில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தபோது, அது பறந்து போகும்வரை வாங்க வந்தவரைக் காத்திருக்கச் சொன்னவள் அவள். ஈக்கு அவசரமில்லை. வந்தவர் அதற்குள் பக்கத்துக் கடையில் ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டு வந்தார். ஈ பறந்த பிறகு எடை சரியாக ஒரு கிலோ காட்டியது. அன்றிலிருந்து அவர் வேறு கடைக்குப் போனதில்லை.

அறுபதை நெருங்கும் தொக்சுன் குள்ளம். தோள்கள் மட்டும் படகுத் துடுப்புப் போட்டவனுடையதுபோல் அகலம். நெத்திலிக் கருவாட்டை ஆறு தரமாகப் பிரித்து விற்பாள். கையால் அள்ளினால் போதும், இது எத்தனை கிராம், எந்த வாரம் பிடித்தது, கொதிக்க வைத்தவன் அன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தானா என்பதுவரை சொல்லிவிடுவாள். கடைசியில் சொன்னது மட்டும் பாதிக்குப் பாதிதான் சரியாக இருக்கும்.

இப்படிப்பட்டவள் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்ததற்குக் காரணம் கோபம். அவள் கடைக்கு மேல்மாடியில் மீன்வலை விற்றவர் கடையை மூட, அந்த இடத்தில் படகு எந்திரம் பழுதுபார்க்கும் மோ கில்சாங் திரை கோல்ஃப் வைத்தான். நான்கு அறைகள். ஒவ்வொன்றிலும் சுவர் அகலத்துக்கு ஒரு திரை, அதில் மலையும் புல்வெளியும் தெரியும். நின்ற இடத்திலிருந்து பந்தைத் திரைமேல் அடித்தால், அது எங்கே போய் விழுந்திருக்கும் என்று எந்திரம் காட்டும். கீழே இருந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் ‘தொம், தொம்’ என்ற சத்தம்தான். ஒவ்வொரு தொம்முக்கும் தட்டிலிருந்த நெத்திலிகள் உயிர் வந்ததுபோல் ஒரு விரற்கடை எம்பி விழுந்தன. தரம் பிரித்து வைத்ததெல்லாம் கலந்துபோயிற்று.

மூன்றாம் நாள் ரப்பர்க் காலணியோடு மேலே ஏறிப்போனாள். அரைமணி நேரம் திட்டினாள். கில்சாங் அவள் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தான். “அக்கா, அந்தக் கோவத்தை அப்படியே இந்தப் பந்துமேல காட்டுங்க.”

காட்டினாள். திரை அதிர்ந்தது. நூற்று எழுபது மீட்டர் என்று எண் தெரிந்தது. எந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தேன் ஒழுக, “அருமையான அடி” என்றது.

தொக்சுன் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கணவன் மன்பொக் நெத்திலிப் படகில் போகிறவர். முப்பத்துநான்கு வருடத் தாம்பத்தியத்தில் அவள் வைத்த சூப்பைப் பற்றி அவர் சொன்ன மிகப் பெரிய பாராட்டு, “சூடா இருக்கு.” இங்கே முன்பின் தெரியாத ஒருத்தி, கேட்காமலே பாராட்டுகிறாள். அடுத்த நாள் பிற்பகல் கடை மூடியதும் மாடிக்குப் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். ஆறு வருடங்கள் ஓடிவிட்டன.

ஆறு வருடத்தில் உலகத்தில் அவள் ஆடாத மைதானம் இல்லை. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் வீட்டுச் செருப்போடு ஆடியிருக்கிறாள். ஹவாயில் வறுத்த கணவாயைக் கடித்துக்கொண்டே ஆடியிருக்கிறாள். அடி குறையக் குறையத்தான் இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரத்தனம்; பதினெட்டுக் குழிகளையும் அவளைப்போல் எழுபத்திரண்டு அடியில் முடிப்பவர்கள் தொங்யோங்கிலேயே பத்துப் பேர் தேறமாட்டார்கள். அவள் பெயர் மூன்றாம் அறைக் கதவில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. உண்மையான புல்லை மட்டும் அவள் மிதித்ததில்லை. அதற்கு நேரமும் இல்லை, தேவையும் தோன்றவில்லை.

மகள் பொமிக்கு வரன் அமையும்வரை அப்படித்தான் இருந்தது.

இரு வீட்டாரும் முதன்முதலில் சந்தித்துப் பேசும் விருந்து உணவகத்தின் தனியறையில் நடந்தது. பதினாறு தட்டுகள் வந்தன. யாரும் முதலில் கை வைக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா யோம் கிவானுக்கு ஜின்ஜு நகரில் மூன்று மூக்குக்கண்ணாடிக் கடைகள். அம்மா சொனு மிக்யோங் அதிகம் பேசாதவள். சிரிப்பதைக்கூட உதட்டோரத்தில் எடை பார்த்துச் சிரிப்பவள். பேச்சுக்கு வழியில்லாமல் எல்லோரும் பீன்ஸ் முளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிவான் கேட்டார்:

“சம்பந்தியம்மாவுக்குப் பொழுதுபோக்கு ஏதாவது உண்டா?”

“கோல்ஃப் ஆடுவேங்க.”

கிவானின் முகத்தில் விளக்கு எரிந்தது. “அட, நாங்களும்தான். எத்தனை அடிப்பீங்க?”

“எழுபத்திரண்டு. காத்து அடிச்சா எழுபத்திமூணு.”

கிவானின் சாப்பாட்டுக் குச்சியிலிருந்து மீன் துண்டு நழுவிச் சாறில் விழுந்தது. மிக்யோங் முதன்முறையாக நிமிர்ந்து சம்பந்தியை முழுதாகப் பார்த்தாள். பக்கத்தில் மன்பொக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தொக்சுன் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். விருந்து முடியும்போது, மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மலைமேல் இருக்கும் மைதானத்தில் இடம் பிடித்தாகிவிட்டது. சம்பந்திகள் இருவர், தொக்சுன், அவள் தோழி ஒருத்தி, ஆக நான்கு பேர்.

வீட்டுக்குத் திரும்பும்போது மன்பொக் சொன்னார்: “பொமி அம்மா, அந்த எழுபத்திரண்டு மாடியில அடிச்சதுன்னு சொல்லியிருக்கலாம்ல.”

“கேக்கல, சொல்லல.”

“நாளைக்கு அங்க போயி பந்து புதருக்குள்ள ஓடுனா, பொண்ணோட அம்மா பொய்க்காரின்னு பேசிக்குவாங்க. அந்த வீட்டுக்குப் பொமிதான் போகணும்.”

மன்பொக் சொன்னது சரியாக இருக்கும் நாள்களில் தொக்சுன்னுக்கு எப்போதும் தலைவலி வரும். மாமியார் வீட்டுக்கு மகள் கொண்டுபோகும் முதல் பொருள் அம்மாவின் பொய்யாக இருக்கக்கூடாது. எந்திரம் சொன்ன எழுபத்திரண்டு வெளியிலும் எழுபத்திரண்டுதானா என்பதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். புதுத் தராசு வாங்கினால் எப்படிச் சோதிப்பாளோ அப்படியே சோதிப்பது என்று முடிவுசெய்தாள்.

மறுநாள் தோழி தாக் யோன்ஜுவை இழுத்துக்கொண்டு மாடி ஏறினாள். யோன்ஜு சந்தைக்கு எதிரில் முடிதிருத்தகம் வைத்திருக்கிறாள். இரண்டுமுறை நிஜ மைதானத்துக்குப் போய்வந்தவள்.

“முதலாளி,” என்றாள் தொக்சுன், “உன் எந்திரம் எவ்வளவு தூரம் உண்மை பேசும்?”

கில்சாங்கின் முகம், பெற்ற பிள்ளையைக் குறை சொன்னதுபோல் ஆயிற்று. “ரெண்டு கேமரா அக்கா. ஒண்ணு தலைக்கு மேல, ஒண்ணு பக்கத்துல. பந்து கிளம்பி ஒரு முழம் போறதுக்குள்ள வேகம், கோணம், சுழற்சி எல்லாத்தையும் பிடிச்சிரும். மிச்சம் கணக்குத்தான். ரெண்டு மீட்டர் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான்.”

“ஒரு முழம் பாத்துட்டு மிச்ச நூத்தம்பது மீட்டரச் சொல்லுதா?”

“நீங்க ஆளு வாசல்ல கால் வைக்கும்போதே வாங்குவானா மாட்டானான்னு சொல்லிடுறீங்கல்ல. அந்த மாதிரி.”

“அதுல பத்துக்கு மூணு தப்பும்டா.”

தொக்சுன் பையைத் திறந்தாள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வெள்ளை அரிசி உருண்டை ஒன்றை எடுத்துப் பந்து வைக்கும் இடத்தில் வைத்தாள். கில்சாங் தடுப்பதற்குள் அடித்துவிட்டாள். உருண்டை பறந்துபோய்த் திரையில் தெரிந்த நீலவானத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்த பயற்றம் பூரணம் மலைச்சரிவில் மெல்ல வழிந்தது. எந்திரம் சற்று யோசித்தது. பிறகு நாற்பத்தொரு மீட்டர் என்று காட்டியது.

யோன்ஜு சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பாத்தீங்களாக்கா, பலகாரத்துக்கும் பந்துக்கும் வித்தியாசம் தெரியாத எந்திரம்.”

“அதான் அதோட நேர்மை,” என்றான் கில்சாங், திரையைத் துடைத்துக்கொண்டே. “பந்தா பலகாரமான்னு அதுக்கு என்ன கவலை? இந்த வேகத்துல, இந்தக் கோணத்துல போனா நாப்பத்தொரு மீட்டர்தான் போகும். வேணும்னா வெளிய போயி அடிச்சுப் பாருங்க.”

அவள் போனாள். ஊருக்கு வெளியே பெரிய வலை கட்டிய பயிற்சித் திடலில் தூரம் எழுதிய பலகைகள் வரிசையாக நிற்கும். பலகாரத்தை விட்டுவிட்டுப் பந்தைத்தான் அடித்தாள். மாடியில் நூற்று இருபது காட்டிய ஏழாம் எண் மட்டை இங்கே நூற்று இருபது பலகைக்கு இரண்டடி முன்னால் போட்டது. பெரிய மட்டையும் அப்படித்தான். இருபது பந்து அடித்ததில் பதினேழு, எந்திரம் சொன்ன இடத்திலேயே விழுந்தன. தொக்சுன்னின் நெஞ்சு மீன் இறக்கிய படகுபோல் மிதந்தது.

“யோன்ஜு, அது உண்மை பேசற எந்திரம்டி.”

“பந்து காத்துல போறவரைக்கும் உண்மைதான்க்கா,” என்றாள் யோன்ஜு. மற்றதை அவள் சொல்ல ஆரம்பித்தபோது தொக்சுன் கேட்கிற நிலையில் இல்லை. தராசின் ஒரு தட்டைச் சோதித்துவிட்டு இன்னொன்றை மறந்துவிட்டாள். அந்தத் திடலிலும் அவள் நின்றது சமதளமான ரப்பர் விரிப்பின்மேல்தான். கில்சாங்கின் அறைகளிலோ, மேடுபள்ளத்துக்கு ஏற்பச் சாய வேண்டிய பலகையைக்கூட அவன் நகராமல் பூட்டி வைத்திருந்தான். இடுப்புப் பிடித்த ஒரு வாடிக்கையாளர் போட்ட சத்தத்தால் வந்த ஏற்பாடு அது.

முதன்முறையாக நிஜ மைதானத்துக்குப் போவதை இந்த நாட்டில் ‘கொண்டை போடுவது’ என்பார்கள், கல்யாணப் பெண்ணுக்குச் சொல்வதுபோல. மகளுக்கு முன்னால் அம்மாவுக்குக் கொண்டை போடுகிறார்கள் என்று யோன்ஜு வழியெல்லாம் சிரித்தாள். வெயிலுக்கு முகமூடி, மாற்றுக் காலுறை, பூச்சிக்கு மருந்து என்று முப்பத்தொரு பொருள்கள் எழுதிக் கொடுத்துச் சரிபார்த்தும் விட்டாள். முப்பத்திரண்டாவது ஒன்று இருந்தது. அதை அவள் மறந்தாள்.

மைதானத்தில் யார் முதலில் அடிப்பது என்று பார்க்க, குழலுக்குள் இருக்கும் கம்பிகளில் ஆளுக்கொன்று உருவ வேண்டும். தொக்சுன் உருவியது ஒற்றைக் கோடு போட்டது. முதல் ஆட்டக்காரி அவள்.

பனி ஈரம் காயாத புல். எதிரே பள்ளத்தாக்கு, தூரத்தில் ஒரு கொடி. அவள் பந்தைப் புல்லில் வைத்தாள். கால்களை அகட்டினாள். மட்டையைத் தாழ்த்தினாள். காத்திருந்தாள்.

கில்சாங் கடையில் பந்து விரிப்பிலிருந்து ரப்பர்க் குழலில் ஏறித் தானாக எழும்பி நிற்கும். இங்கே பூமி எதையும் எழுப்பவில்லை. ஒரு தவளை மட்டும் பக்கத்தில் எழும்பிக் குதித்தது. பின்னால் கிவான் தொண்டையைக் கனைத்தார். கூட வந்து மட்டை எடுத்துக்கொடுக்கும் உதவிப் பெண் மெல்ல அருகே வந்தாள்.

“மேடம், குச்சி நடலைங்களா? பந்துக்கு அடியில.”

“நாம நடணுமா?”

தொக்சுன் சுதாரித்தாள். “எங்க ஊர்ல பந்து தானா எழும்பும்.”

கிவான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சம்பந்தியம்மாவுக்கு நல்ல நகைச்சுவை. எழுபத்திரண்டு அடிக்கிறவங்கன்னா இப்படித்தான், பதட்டமே இல்ல பாரு.” மிக்யோங் சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு மரக்குச்சியை எடுத்து நீட்டினாள்.

அந்த முதல் அடியில் பந்து போனதைவிடப் புல்கட்டி அதிக தூரம் போனது. மாடியில் மட்டை பந்துக்குப் பின்னால் விரிப்பில் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். எந்திரமும் மன்னித்து நல்ல தூரம் சொல்லும். மண் மன்னிக்கவில்லை. இரண்டாம் அடிக்குப் போனால் பந்து சரிவில் கிடந்தது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. அப்படி நின்று அவள் நெத்திலிக் கூடைகூடத் தூக்கியதில்லை. குழிக்குப் பக்கத்தில் வந்தால் புல் எந்தப் பக்கம் சரிகிறது என்று காட்ட, திரையில் ஓடுமே அந்த ஒளிப்புள்ளிகள், அவை இங்கே இல்லை. பச்சைப் புல் பச்சையாகக் கிடந்தது. ஒன்பதாவது அடியில் பந்து உள்ளே விழுந்தது.

“முடிஞ்சதா?” என்றார் கிவான் உற்சாகமாக. “என் வீட்டம்மா நாலுல முடிச்சுட்டா. முதல் குழியில ஒருத்தர் நாலுன்னா எல்லாருக்கும் நாலு. எழுதும்மா.”

உதவிப் பெண் எழுதினாள். அது அங்கே எல்லோரும் செய்யும் மரியாதை. நான்கு பேர் பெயருக்கு நேரே நான்கு நான்குகள். தொக்சுன்னின் உள்ளங்கை அரித்தது. பக்கத்துக் கடைக்காரன் தராசில் கட்டை விரலை வைக்கும்போது அரிக்கும் அதே இடம்.

அதற்குப் பிறகு மரியாதை பெருகிற்று. பந்து காட்டுக்குள் போனால், “இன்னொண்ணு அடிங்க, அதை எண்ண வேண்டாம்.” குழிக்கு ஒரு மட்டை நீளத்துக்குள் வந்துவிட்டால், “ஓக்கே, எடுத்துக்கங்க, உள்ள போன மாதிரிதான்.” கண்ணாடிக் கடைக்காரரான கிவானின் கண்ணுக்கு மட்டும் ஒரு மட்டை நீளம் என்பது மூன்று எட்டு தூரமாகத் தெரிந்தது. அவருடைய பந்து அங்கே நின்றாலும் அவரே “ஓக்கே” என்று சொல்லி எடுத்துக்கொண்டார். ஒரு குழியில் தொக்சுன் பதினோரு அடி அடித்தபோது உதவிப் பெண் எட்டு என்று எழுதினாள்.

“பதினொண்ணும்மா.”

“எட்டுக்கு மேல எழுதுற வழக்கம் இல்லீங்க மேடம்.”

ஒன்பது குழி முடிந்து ஓய்வுக் குடிலில் உட்கார்ந்தார்கள். கள்போன்ற அரிசி மதுவும் சூடான சோயாக்கட்டியும் வந்தன. கிவான் அட்டையை எல்லோருக்கும் காட்டினார். தொக்சுன்னுக்கு நாற்பத்தேழு. “புது மைதானம், பாதியில நாப்பத்தேழுன்னா நல்லாத்தான் இருக்கு சம்பந்தியம்மா. மறுபாதியில இருபத்தஞ்சு அடிச்சா எழுபத்திரண்டு வந்திரும்,” என்று கண்ணடித்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னும் ஒன்பது குழி இதே மரியாதையோடு ஓடினால், இடுப்பு வலி என்று ஏதாவது சொல்லித் தப்பித்து வீட்டுக்குப் போயிருக்கலாம். பொமியின் கல்யாணத்துக்கு ஒரு பங்கமும் வந்திருக்காது. யோன்ஜுவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. தொக்சுன் கோப்பையைக் காலிசெய்து கீழே வைத்தாள்.

“சம்பந்தியம்மா, சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். அந்த எழுபத்திரண்டு கூரைக்கு அடியில அடிச்சது. எந்திரத்துல. நான் புல்லை மிதிச்சது இன்னைக்குத்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும், வாய் வரலை. தப்பு என்னோடது. எங்க பொமிக்கு இந்தப் பழக்கம் கிடையாது.”

கிவான் கோப்பையும் கையுமாக உறைந்தார். பிறகு பெருந்தன்மையோடு கையை வீசினார். “அதனால என்ன? நாப்பத்தேழு நாப்பத்தேழுதானே. முதல் தடவைக்கு ரொம்ப நல்ல எண்.”

“நாப்பத்தேழு இல்லைங்க. அறுபத்திமூணு.”

“எண்ணினீங்களா?” அதை அவர் கேட்ட விதத்தில், சம்பந்தியம்மா சாவித்துவாரம் வழியாக எட்டிப் பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

“எண்ணாம இருக்க வரலைங்க. கைப்பழக்கம்.”

அதுவரை சோயாக்கட்டியைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்த மிக்யோங் குச்சியைக் கீழே வைத்தாள். “என்னோடதையும் எண்ணினீங்களா?”

“நாப்பத்தெட்டு.”

“இவரோடது?”

யோன்ஜு மேசைக்கடியில் தொக்சுன்னின் காலை உதைத்தாள். தொக்சுன் சோயாக்கட்டியைப் பார்த்தாள். அட்டையில் கிவானுக்கு நாற்பத்திரண்டு என்று இருந்தது.

“சொல்லுங்க சம்பந்தியம்மா. நான் கேக்கறேன்ல.”

“ஐம்பத்தியாறு.”

கிவானின் முகம் மிளகாய்ப் பசை நிறத்துக்குப் போயிற்று. பொய்யை எடுக்கப்போய்ச் சம்பந்தியின் மானத்தையும் சேர்த்து எடுத்துவிட்டோம், இனி இந்தக் கல்யாணம் கொதித்துக் கரைந்த நெத்திலிச் சூப்தான் என்று நினைத்தாள் தொக்சுன்.

மிக்யோங் அட்டையைக் கையில் எடுத்தாள். நிதானமாகப் படித்தாள். “இருபத்திரண்டு வருஷம்,” என்றாள். “இருபத்திரண்டு வருஷமா இந்த மனுஷன்கிட்ட தோத்துட்டு வர்றேன். ஒவ்வொரு தடவையும் நாலு அடி, அஞ்சு அடி. வீட்டுக்குப் போற வழியெல்லாம் என் மணிக்கட்டுல என்ன தப்புன்னு பாடம் எடுப்பாரு.”

“ஏம்மா, எல்லாரும் அப்படித்தானே ஆடுறாங்க...” கிவான் ஆரம்பித்தார். மேசைக்குப் பரிமாற வந்த பெண்கூட அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

“மிச்ச ஒன்பதையும் சம்பந்தியம்மா எண்ணட்டும்,” என்றாள் மிக்யோங். “நாலு பேருக்கும். விட்டுக்கொடுக்கறது கிடையாது, எண்ணாத அடி கிடையாது. எட்டுக்கு மேல போனா போனதை எழுதலாம்.”

கிவான் யோன்ஜுவைப் பார்த்தார். யோன்ஜு மேல்கூரையைப் பார்த்தாள். “சரி, எண்ணுங்க,” என்றார் அவர் கடைசியில். “ஆனா எனக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும்.”

மறுபாதி ஆட்டத்தை இறுதி ஊர்வலம் என்று யோன்ஜு பின்னால் சொல்லுவாள். யாரும் பேசவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தொக்சுன்னின் உதடுகள் மட்டும் அசைந்தன. கிவான் குட்டையில் ஒரு பந்து போட்டார், திரும்பிப் பார்த்தார், “நாலு,” என்றாள் தொக்சுன். அவளே ஒரு மணற்குழிக்குள் இறங்கி, மணலை ஐந்து முறை அள்ளி வீசி, கடைசியில் பந்தோடு சேர்ந்து வெளியே வந்தாள். “எட்டு,” என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

பதிமூன்றாவது குழி கிட்டத்திலேயே இருந்தது, நூற்றுப் பதினெட்டு மீட்டர். எல்லோரும் ஒரே இடத்தில் நின்று அடித்து அடித்து அங்கே புல் முளைப்பதில்லை. அதனால் மைதானத்துக்காரர்கள் சமதளமாக ஒரு பச்சை ரப்பர் விரிப்பைப் போட்டு, நடுவில் ரப்பர்க் குழலையும் நட்டு வைத்திருந்தார்கள்.

தொக்சுன் அதைப் பார்த்தாள். அந்நிய ஊர்ச் சந்தையில் சொந்தக்காரியைப் பார்த்ததுபோல் அவள் முகம் மலர்ந்தது. உதவிப் பெண் கேட்பதற்கு முன்பே ஏழாம் எண் மட்டையை உருவினாள். கால் பதிந்தது, தோள் திரும்பியது, பந்து எழும்பிப் பள்ளத்தாக்கைத் தாண்டி, மாடியில் ஓராயிரம் தடவை போன அதே வளைவில் போய், கொடிக்கு இரண்டு எட்டு தள்ளி விழுந்து நின்றது.

“அம்மாடி,” என்றாள் உதவிப் பெண், வேலையை மறந்து.

“அந்த எந்திரம் எங்க இருக்கு?” என்றார் கிவான். அன்று பிற்பகலில் அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

“எங்க கடைக்கு மேல. பந்து காத்துல இருக்கறவரைக்கும் அது சொல்றது ஒரு கிராம் தப்பாதுங்க. கீழ விழுந்தப்புறம்தான் அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

அதைச் சொல்லிவிட்டுப்போய், அந்த இரண்டு எட்டு தூரத்தைக் கடக்க மூன்று தட்டு எடுத்துக்கொண்டாள். முதல் தட்டில் பந்து குழியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தாண்டி ஓடியது. “மொத்தம் நாலு,” என்றாள் சலனமில்லாமல்.

பதினெட்டாவது குழி. கிவானின் பந்து குழிக்கு ஒரு எட்டில் நின்றது. பழக்கதோஷத்தில் குனிந்து எடுக்கப் போனவர் பாதியில் நிமிர்ந்து மூன்று பெண்களையும் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் குந்தி உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார், புல்லைக் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையைப் படிப்பதுபோல் படித்தார். அடித்தார். பந்து விளிம்பில் தயங்கி, உள்ளே விழுந்து, ‘களுக்’ என்றது.

கிவான் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். “இந்தச் சத்தத்தைக் கேட்டு ரொம்ப வருஷம் ஆச்சு,” என்றார் தனக்குள்.

“அதுக்கு முன்னாடியே எடுத்துருவீங்களே,” என்றாள் மிக்யோங். ஆனால் குரலில் முள் இல்லை.

தொக்சுன் மறுபாதியின் எண்களை ஒப்பித்தாள். யோன்ஜு ஐம்பத்தொன்பது. தான் ஐம்பத்தைந்து. கிவான் ஐம்பத்திமூன்று. மிக்யோங் ஐம்பது.

கிவான் தொப்பியைக் கழற்றினார். “மூணு அடி. உன் மணிக்கட்டுல ஒண்ணும் தப்பில்லம்மா,” என்றார் மனைவியிடம். பிறகு சம்பந்தியம்மாவுக்கு முன்னால் லேசாகத் தலை குனிந்தார். “உங்க கடையில நெத்திலி வாங்கறவன் கொடுத்துவெச்சவன். நாங்க வாங்கற இடத்தை மாத்திக்கறோம்.”

யோன்ஜுதான் தொக்சுன்னின் தலையைப் பிடித்துப் பதிலுக்குக் குனிய வைத்தாள்.

ஆட்டம் முடிந்தால் எல்லோரும் குளித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். பெண்கள் பக்கத்து வெந்நீர்த் தொட்டி கோயில் குளம்போல் பெரியது. சம்பந்திகள் ஒருவர்முன் ஒருவர் வாய்விட்டுத் தும்முவதற்கே கூசுகிற நாடு அது. தொக்சுன் ஒரு சின்னத் துண்டால் எதை மறைப்பது என்று தெரியாமல் தொட்டியின் ஒரு மூலையில் கழுத்துவரை மூழ்கிக் கிடந்தாள். மறுமூலையில் மிக்யோங். நடுவில் ஆவி. யோன்ஜு வேண்டுமென்றே தலைமுடியை மூன்றாம் முறை அலசிக்கொண்டிருந்தாள்.

“சம்பந்தியம்மா,” ஆவிக்குள்ளிருந்து குரல் வந்தது. “பொமி உங்களை மாதிரியா, அவங்கப்பா மாதிரியா?”

“வாய் என்னை மாதிரி. பொறுமை அவரை மாதிரி.”

“எண்ணுவாளா?”

தொக்சுன் யோசித்தாள். “எண்ணுவா. ஆனா என்னை மாதிரி சத்தமாச் சொல்லமாட்டா.”

“சொல்லச் சொல்லுங்க. எங்க வீட்டுல ஆள் தேவைப்படுது.” மிக்யோங் தொட்டியை விட்டு எழுந்து வந்து குட்டைப் பலகையில் உட்கார்ந்து, அழுக்குத் தேய்க்கும் முரட்டுத் துணிக் கையுறையைத் தொக்சுன்னை நோக்கி நீட்டினாள். “எனக்கு முதுகு எட்டாது.”

தொக்சுன் உறையைக் கையில் மாட்டிக்கொண்டாள். நெத்திலித் தட்டைத் தேய்க்கும் அந்தக் கைக்குச் சம்பந்தியின் முதுகு சின்னதாகத்தான் இருந்தது. முதலில் பயந்து பயந்து தேய்த்தாள்.

“இவரு கல்யாண மண்டபத்துல எல்லார்கிட்டயும் உங்களை எழுபத்திரண்டுன்னுதான் சொல்லப்போறாரு,” என்றாள் மிக்யோங். “பெருமை அடிக்காம இருக்க அவரால முடியாது.”

“நூத்திப் பதினெட்டு,” என்றாள் தொக்சுன். “அறுபத்திமூணும் ஐம்பத்தஞ்சும். சொல்றதுன்னா அதைச் சொல்லச் சொல்லுங்க.”

மிக்யோங்கின் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று தொக்சுன் ஒரு கணம் திடுக்கிட்டாள். பிறகுதான் சிரிப்புச் சத்தம் வெளியே வந்தது. இந்த முறை எடை பார்க்காத சிரிப்பு, ஓடு வேய்ந்த அறை முழுக்க எதிரொலித்து, பக்கத்துத் தொட்டியில் இருந்த முன்பின் தெரியாத பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்க,” என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு. “இடது பக்கம்.”